எட்டில் ஆறு பொருந்துகிறது என்றால் பிள்ளை குற்றவாளி ஆகிவிடுவானா?

கேள்வி:

என் அண்ணன் சிறையில் இருக்கிறார். அண்ணி பிரிந்துபோய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். அவர்களுடைய ஒரே மகன் இரண்டு வருடமாக எங்களிடம் வளர்கிறான், வயது ஒன்பது. அத்தை, அத்தை என்று என்னையே சுற்றி வருவான். ஆனால் வாய் திறந்தால் பொய். மூன்று முறை என் கைப்பையிலிருந்து பணம் எடுத்திருக்கிறான். வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டான், வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான், போன மாதம் கூடப் படிக்கும் பையனை உதடு கிழிய அடித்துவிட்டான். பள்ளி ஆலோசகர் ‘பிற்காலக் குற்றச் செயலுக்கான ஆபத்துக் காரணிகள்’ என்று எட்டு வரிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இப்படிப்பட்ட பையன்களுக்கென்று நடத்தும் வாரக் குழுவில் சேர்க்கச் சொன்னார். எட்டில் ஆறு இவனுக்குப் பொருந்துகிறது. அப்பன் புத்தி எங்கே போகும் என்கிறார்கள் உறவினர்கள். நாலு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். சிறையைக் கூட்டிப்போய்க் காட்டினால் பயம் வரும் என்கிறார் மாமனார். அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றுதான் இவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியல் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து எழுதியது, எல்லோருக்கும் பொருந்துமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பட்டியல் உண்மையா என்பது ஒன்று. இந்தப் பிள்ளை என்ன ஆவான் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதற்கு எந்தப் பட்டியலாலும் பதில் சொல்ல முடியாது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய பட்டியல்களின் முக்கிய மூலங்களில் ஒன்று தெற்கு லண்டனில் 1961இல் தொடங்கிய ஓர் ஆய்வு. உழைக்கும் மக்கள் வாழும் பகுதியிலிருந்து எட்டு, ஒன்பது வயதுப் பையன்கள் 411 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் பேரப்பிள்ளை காணும் வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். நாற்பது வயதுக்குள் அவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தார்கள். ஆனால் மொத்தக் குற்றங்களில் ஏறக்குறைய பாதியைச் செய்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். அந்தச் சிலரின் சிறுவயதைத் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தவைதான் உங்கள் தாளில் உள்ள வரிகள்: யோசிக்காமல் செயல்படும் துடிப்பு, படிப்பில் பின்னடைவு, குடும்பத்தில் குற்றத் தண்டனை பெற்றவர், வறுமை, கண்டிப்பும் கவனிப்பும் தாறுமாறான வளர்ப்பு, சிறுவயதிலேயே தொடங்கும் பொய், திருட்டு, அடிதடி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1987இல் சுமார் 1,500 பையன்களோடு தொடங்கிய ஆய்வை இதனோடு ஒப்பிட்டபோதும் பெரும்பாலும் இதே காரணிகள்தான் வந்தன.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. நல்லவேளையாக அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மொரீஷியஸ் தீவில் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரை வளரும்வரை தொடர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளியினர். மூன்று வயதில் ஊட்டச்சத்துக் குறைவின் அறிகுறிகள் இருந்த குழந்தைகளிடம், எட்டு வயதில் முரட்டுத்தனமும் பதினேழு வயதில் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. அதே தீவில் மூன்று முதல் ஐந்து வயது வரை நல்ல உணவு, விளையாட்டோடு கூடிய கல்வி, உடற்பயிற்சி மூன்றும் கிடைத்த குழந்தைகளிடம் பிற்கால நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1993இல் பிறந்த குழந்தைகளைப் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வில், பதினொரு வயதுக் கட்டத்தின் முரட்டு நடத்தையும் மிகைத் துடிப்பும் பதினெட்டு வயதுக் குற்றச் செயலோடு இரு நாடுகளிலும் தொடர்புகொண்டிருந்தன.

ஆக, காரணிகள் கடல் கடந்தும் பொருந்துகின்றன. ஆனால் ஒவ்வொரு காரணிக்கும் இருக்கும் கனம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உங்களுக்கு மிக வேண்டிய செய்தி இதுதான், ஏனென்றால் உங்கள் தாளின் முதல் வரி ‘சிறை சென்ற பெற்றோர்’.

லண்டன் பையன்களில் பெரும்பாலோர் பிறந்த அதே 1953இல் பிறந்து ஸ்டாக்ஹோமில் வளர்ந்த சுமார் பதினையாயிரம் பேரின் பதிவுகள் ஸ்வீடனில் உள்ளன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தந்தை அல்லது தாய் சிறை சென்ற பிள்ளைகள் இரு நாட்டிலுமே கூடுதலாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். அடுத்து, பெற்றோர் எவ்வளவு குற்றம் செய்தவர் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். இங்கிலாந்தில் சிறை என்பதே ஒரு தனிக் காயமாகத் தொடர்ந்து நின்றது. ஸ்வீடனில் அந்தத் தனித் தாக்கம் மறைந்துவிட்டது. குடும்பம் வந்து பார்க்க இடம் கொடுக்கும் சிறைகள், குடும்பத்தைத் தாங்கும் அரசு உதவி, தண்டிப்பதைவிடப் பராமரிப்பை முன்வைத்த சிறார் நீதி, பிள்ளையைக் குற்றவாளியின் வாரிசாகப் பார்க்காத சமூகம் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். தந்தை சிறையில் இருப்பது பிள்ளைக்குச் செய்யும் கேட்டின் ஒரு பங்கு, சுற்றியிருப்பவர்கள் அவனை நடத்தும் விதத்திலிருந்து வருகிறது. ‘அப்பன் புத்தி’ என்ற பேச்சு அந்தப் பங்கைச் சேர்ந்தது. அவன் காதுபட அந்தச் சொல் வீட்டில் வரக்கூடாது. உறவினர்களிடம் கோபப்படாமல், ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சொல்லியும் கேட்காதவர்கள் வரும்போது அவன் வேறு அறையில் இருக்கட்டும்.

பரம்பரைக்கு ஒரு பங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பரபரப்பு, பொறுமையின்மை, எதற்கும் துணியும் இயல்பு ஆகியவை ஓரளவு குடும்பவழி வருகின்றன. அவை இயல்புகள், குற்றங்கள் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் காட்டிய ஓர் உண்மை இந்தத் துறையில் இன்றுவரை நிற்கிறது: தீவிரமாகச் சமூகவிரோதமாக நடக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே சிறுவயதிலும் அடங்காதவர்கள்தான், ஆனால் அடங்காத பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே அப்படிப்பட்ட பெரியவர்களாகிறார்கள். பட்டியலைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாது.

இன்னொன்று. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். இரண்டு வயதுக்குள்ளேயே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஆபத்துக் காரணிகளோடு இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெரிய சிக்கல் எதிலும் விழாமல் வளர்ந்தார். பதின்பருவத்தில் தடம் மாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளுக்குள் நிலைகொண்டுவிட்டார்கள். தப்பித்தவர்களிடம் மீண்டும் மீண்டும் கண்ட ஒன்று, பெற்றோராக இல்லாவிட்டாலும் விட்டுப்போகாத ஒரு பெரியவர்: பாட்டி, மூத்த சகோதரி, அத்தை, ஆசிரியர். ‘என்னையே சுற்றி வருவான்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான தகவல் அதுதான், தாளில் அதற்கு வரியில்லை.

இப்போது ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் அண்ணன் சிறை, அண்ணி பிரிவு இரண்டையும் அடித்துவிடுங்கள். நடந்து முடிந்தவற்றில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. மிஞ்சுவது துடிப்பு, வாசிப்பு, பொய்யும் திருட்டும் அடிதடியும், வீட்டுக் கண்டிப்பின் முறை. இவை அனைத்திலும் கைவைக்கலாம்.

கண்டிப்பில் தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் அதுதான் இப்போது இழுபறி. சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கேட்டு 2005இல் வெளியான ஆய்வு, உங்கள் கணவரின் யோசனையை நேரடியாகச் சோதித்தது. அடி சகஜமாக இருக்கும் சமூகத்தில் அதன் கேடு சற்றுக் குறைகிறது, ஏனென்றால் பிள்ளை அதைத் தன்னை வெறுப்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்வது குறைவாக இருக்கலாம். ஆனால் கேடு இல்லாமல் போவதில்லை: அங்கும் அதிகம் அடிவாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடுதல். ஏற்கெனவே இருவரைப் பிரிந்திருக்கும் இந்தப் பையன் அடியைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அடி ஏன் பலிப்பதில்லை என்பதைக் கணவருக்கு இப்படி விளக்குங்கள். சொல்கிறீர்கள், கேட்பதில்லை. குரலை உயர்த்துகிறீர்கள், அவனும் கத்துகிறான். ஓய்ந்துபோய் விட்டுவிடுகிறீர்கள், கத்தினால் தப்பிக்கலாம் என்று கற்கிறான். மறுநாள் அடிக்கிறீர்கள், ஒருகணம் அடங்குகிறான். அடித்தால் அடங்குவான் என்று நீங்கள் கற்கிறீர்கள். இருவரும் ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறீர்கள். உதடு கிழிந்த பையனிடம் அவன் செய்தது இந்தப் படியின் அடுத்த கட்டம்தான்.

இதை உடைக்கச் சில வாரங்கள் விடாப்பிடியாகச் செய்ய வேண்டியவை உள்ளன. தினமும் பதினைந்து நிமிடம் அவன் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் அவனோடு உட்காருங்கள். அந்த நேரத்தில் கேள்வியும் திருத்தமும் பாடமும் வேண்டாம். தவறு செய்த நாளிலும் இதை வெட்டக்கூடாது. பலர் தண்டனையாக முதலில் வெட்டுவது இதைத்தான், அதோடு மற்ற எல்லாம் ஆட்டம் கண்டுவிடுகிறது. கட்டளை சொல்லும்போது பக்கத்தில் போய், பெயர் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை: “பையை அலமாரியில் வை.” பத்து விநாடி பேசாமல் காத்திருங்கள். செய்தால் உடனே, என்ன செய்தான் என்று சொல்லிப் பாராட்டுங்கள்: “சொன்னதும் வைத்துவிட்டாய், நன்றி.” செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, பிறகு விளைவு. அந்த விளைவு சின்னதாக, உடனடியாக, அன்றைக்குள் முடிவதாக இருக்கட்டும்: அன்று மாலைத் திரைநேரம் இல்லை, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குப் பறித்துவிட்டால் நாளை பறிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது, அவனுக்கும் நல்லபடி நடக்கக் காரணம் இருக்காது. ஒரு கண்டிப்புக்கு நான்கைந்து பாராட்டு என்ற கணக்கை மனதில் வையுங்கள். முதல் ஓரிரு வாரம் நடத்தை மோசமாகும், ஏனென்றால் பழைய வழி இன்னும் பலிக்கிறதா என்று அவன் அழுத்திப் பார்ப்பான். பெரும்பாலான வீடுகளில் முயற்சி கைவிடப்படுவது இந்தக் கட்டத்தில்தான். நீங்களும் கணவரும் விதிகளை முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் முன்னால் அதைப்பற்றி வாதிட வேண்டாம். லண்டன் ஆய்வில், பெற்றோர் ஒன்றாக இருந்தும் ஓயாமல் சண்டையிட்ட வீட்டுப் பையன்கள், பெற்றோர் பிரிந்தபின் தாயோடு வளர்ந்தவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள்.

திருட்டுக்குத் தனி முறை வேண்டும். “நீ எடுத்தாயா?” என்று கேட்காதீர்கள். தெரிந்த விஷயத்தைக் கேள்வியாகக் கேட்டால் பொய் சொல்ல நீங்களே வாய்ப்பளிக்கிறீர்கள்; இப்போது இரண்டு தவறாகிவிடுகிறது. “என் பையிலிருந்த பணம் உன் பெட்டியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்று ஒரு மணிநேரம் வீட்டு வேலையும் செய்ய வேண்டும்” என்று சொல்லி முடித்துவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று அவனால் சொல்ல முடியாத எந்தப் பொருளும், நண்பன் கொடுத்தான் என்றாலும், அன்றே திரும்பிப் போக வேண்டும். சொற்பொழிவு வேண்டாம், மறுநாள் அதைக் கிளறவும் வேண்டாம். பணத்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சோதித்துப் பார்ப்பதற்காக வைக்கவே வைக்காதீர்கள். அவனுக்கென்று வாரந்தோறும் ஒரு சிறுதொகை உறுதியாகக் கிடைக்கட்டும்.

எங்கே, யாரோடு, எத்தனை மணிவரை என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் துருவித் துருவிக் கேட்பதால் அது தெரிய வருவதில்லை. ஸ்வீடனில் பதின்பருவத்தினரிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வின்படி, பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளைகளே முன்வந்து சொன்னது. முன்வந்து சொன்னதற்காகத் திட்டு வாங்கும் பிள்ளை அடுத்த முறை சொல்லாது. அந்தப் பதினைந்து நிமிடம் இதற்கும் சேர்த்துத்தான்.

வாசிப்பை இரண்டாம்பட்சமாக எண்ண வேண்டாம். வகுப்பில் உட்கார முடியாமைக்கும் எழுத்து புரியாமைக்கும் இடையே எது காரணம், எது விளைவு என்று பரிசோதிக்காமல் தெரியாது. முதலில் கண், காது இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிறகு எழுத்தை ஒலியாக்குவதில் தடுமாறுகிறானா, படித்ததைப் புரிந்துகொள்வதில் தடுமாறுகிறானா என்று பிரித்துக் காட்டும் மதிப்பீட்டைப் பள்ளியில் எழுத்துமூலம் கேளுங்கள். இரண்டுக்கும் பயிற்சி வேறு. தூக்கத்தையும் பாருங்கள்: இந்த வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணிநேரம் வேண்டும், குறைந்தால் துடிப்பு கூடும். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட கோளாறா என்பதைக் குழந்தை மனநல மருத்துவரோ வளர்ச்சிக்கால நோய் பார்க்கும் குழந்தை மருத்துவரோ முடிவு செய்யட்டும். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பெற்றோரை இழந்த துயரமும் வெளிப்பார்வைக்கு இதேபோலத் தோன்றும். அதனால் அவன் கதையை முழுவதும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாமனாரின் யோசனை பல நாடுகளில் திட்டமாகவே நடத்தப்பட்டது. தடம் மாறும் சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைவிட்டு மிரட்ட வைத்தார்கள். முறையாக ஒப்பிட்டு நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், மிரட்டப்பட்டவர்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள். உங்கள் பையன் விஷயத்தில் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பது அவன் அப்பா. மிரட்டலுக்காக அங்கே போகவே கூடாது.

வாரக் குழுவைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஆலோசகர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நடத்தைச் சிக்கலுள்ள பையன்களை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால், ஒருவன் சொல்லும் அடாவடிக்கு மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எந்தப் பாடத்தைவிடவும் வலுவான பரிசு. அமெரிக்காவில் 1939இல் தொடங்கி 506 பையன்களோடு நடந்த ஒரு பெரிய உதவித் திட்டத்தில், உதவி பெற்றவர்கள் பிற்காலத்தில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது முப்பது ஆண்டு கழித்துத் தெரியவந்தது. அவர்களை ஒன்றாகக் கோடை முகாம்களுக்கு அனுப்பியதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் ஜோன் மக்கார்ட் கருதினார். ஆலோசகரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குழுவில் நிதானமான பிள்ளைகளும் இருப்பார்களா, எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், வளர்ப்பவருக்கும் பயிற்சி உண்டா? பதில் திருப்தியாக இல்லை என்றால் தனிப்பட்ட உதவியாகக் கேளுங்கள். விளையாட்டு அணி, இசை வகுப்பு என்று எல்லாவகைப் பிள்ளைகளும் கலந்திருக்கும் இடம் ஒன்றில் சேர்ப்பது இதைவிட நல்லது. அந்தத் தாள் அவன் பள்ளிக் கோப்பில் வைக்கப்படுகிறதா, யார் யார் படிக்கலாம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நீங்களும் கணவரும் சேர்ந்து போகக்கூடிய, வளர்ப்பவருக்கான பயிற்சித் திட்டம் கிடைத்தால் விடாதீர்கள். பத்து முதல் இருபது வாரம் வரை நடக்கும். பேச்சோடு நிற்காமல், கட்டளையையும் பாராட்டையும் உங்களைச் சொல்ல வைத்துத் திருத்தும் திட்டமாக இருக்க வேண்டும். இந்த வயதுக்கு அதைவிட உறுதியான சான்றுள்ள உதவி மிகக் குறைவு. ஆனால் தீ வைத்தல், விலங்குகளைத் துன்புறுத்தல், ஆயுதம் எடுத்தல், பிறர் அழுதாலும் கொஞ்சமும் அசையாமை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சிக்குக் காத்திராமல் மனநல மருத்துவரை உடனே பாருங்கள்.

கடைசியாக, அப்பா வெளியூரில் இருக்கிறார் என்ற கதை. ஒன்பது வயதுப் பையனுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதியைப் பள்ளியில் யாராவது கேலியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த அடிதடி எதைப்பற்றிய பேச்சில் தொடங்கியது என்று விசாரித்தீர்களா? பொய் சொல்லாதே என்று கேட்கும் வீடு அவனிடம் பெரிய பொய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதும் அவனுக்குப் புரியும். அண்ணனுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, பள்ளி இல்லாத ஒரு நாள் காலையில், வேறு யாரும் இல்லாதபோது சுருக்கமாகச் சொல்லுங்கள்: “அப்பா சட்டத்தை மீறிவிட்டார். அதனால் சிறையில் இருக்கிறார். நீ செய்த எதனாலும் அல்ல. அவர் பத்திரமாக இருக்கிறார். நீ என்னோடுதான் இருப்பாய்.” குற்றத்தின் விவரம் கேட்டால் வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இவ்வளவு நாள் மறைத்ததற்காக அவனிடம் வருத்தமும் தெரிவியுங்கள். பிறகு அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றால், பிள்ளைகள் வர எந்த நாள், என்ன அடையாளச் சான்று, தொட்டுப் பேச அனுமதி உண்டா, கண்ணாடித் தடுப்பா என்று சிறையில் முதலில் விசாரித்துக்கொண்டு, சோதனை எப்படி நடக்கும், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதையெல்லாம் கிளம்புமுன் அவனிடம் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் கடிதமோ தொலைபேசியோ போதும், வற்புறுத்த வேண்டாம். எப்படியானாலும் அடுத்த சில நாள் தூக்கமும் கோபமும் தாறுமாறாகும் என்று வகுப்பாசிரியருக்கு மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.